வெள்ளை அடிக்க முதல் இதை வாசி

பிள்ளை,

வெள்ளிக்கிழமை ரெலிபோனில நீ கேட்டனீ, வீடு மாறப்போறன், வீட்டுக்காரன் அந்தக் கடும்பச்சைச் சுவரைத் திரும்ப வெள்ளையாக்கித் தரட்டாம், எத்தினை தரம் அடிக்கோணும் அப்பா எண்டு. நான் ரீவியைப் பாத்துக்கொண்டு ரெண்டு தரம் காணும் எண்டு சொல்லிப்போட்டு போனை அம்மாட்டைக் குடுத்திட்டன். பிறகு படுக்கப் போய்த்தான் யோசிச்சனான், 27 வருசம் பெயின்ற் ஃபிர்மாவில நிண்டு மாரடிச்சவன் சொந்தப் பிள்ளைக்கு இப்பிடி ஒரு அரைகுறைப் பதில் சொல்லலாமோ எண்டு. அதுதான் எழுதுறன். வட்சப்பில வொய்ஸ் போட்டால் நான் பாதியில இருமுறதும் அம்மா பின்னால நிண்டு திருத்துறதும்தான் உனக்குக் கேக்கும். அதோட இதுக்குள்ள ஒரு சாமான் வைச்சு அனுப்போணும், அது போனுக்குள்ளால வராது.

முதல் தொழில் விசயம். பச்சை பொல்லாத நிறம். நேர வெள்ளையை அப்பினால் ரெண்டு நாள் ஒண்டும் தெரியாத மாதிரிக் கிடந்திட்டு பேந்து மெதுவா எட்டிப்பாக்கும். அதால முதல் ஈரத்துணியில கொஞ்சம் சோப் போட்டுச் சுவரைத் துடை. குசினிப்பக்கம் எண்டால் கையால தடவிப்பார், எண்ணெய்ப்பிசுக்கு இருந்தால் எந்தப் பெயின்ற்றும் பிடிக்காது. பிறகு டேப் ஒட்டி அடிச்ச ஓரம் இருக்கெல்லோ, அதில கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டு, வயல் வரம்பு மாதிரி ஒண்டு மெல்லிசாத் தட்டுப்படும். அதை சாண்ட் பேப்பரால தேய்ச்சு எடு. எல்லாரும் விடுற பிழை அதுதான், நானும் விட்டிருக்கிறன், அதைப் பிறகு சொல்லுறன். தேய்ச்சாப்பிறகு பிரைமர் ஒரு தரம் அடிச்சு ஒரு இரவு விடு. ஈரமா இருக்கேக்க பாத்திட்டு ஐயோ மூடேல்லை எண்டு பதறாதை, காயத்தான் மூடும். அதுக்கு மேல வெள்ளை ரெண்டு தரம். ரோலரைக் கையில எடுத்தால் அந்தச் சுவரை ஒரே மூச்சில முடிக்கோணும், நடுவில ஆர் போன் எடுத்தாலும் தொடாதை, காய்ஞ்ச விளிம்பில திரும்ப ஈர ரோலர் பட்டால் கோடு விழும், பிறகு அந்தக் கோடு உன்னைப் பாத்துக்கொண்டே இருக்கும். எல்லாம் முடிஞ்சாப்பிறகு இரவில லைட்டை நூத்துப்போட்டு ரோர்ச்சைச் சுவரோட சரிச்சுப் பிடிச்சுப் பார். இதுக்கு டொச்சில, ஜேர்மன் பாசையில, ஷ்ட்ரைஃப்லிஷ்ட் எண்டு பேர், சுவரை உரசிக்கொண்டு போற வெளிச்சம். எங்கட மைஸ்டர், வேலைக்குத் தலைமை பாக்கிறவர், வேலை பாக்க வரேக்க கையில ரோர்ச்சோடதான் வருவார், அவர் கதவடியில நிண்டு அதைப் போடேக்க எங்களுக்கு நெஞ்சு படபடக்கும்.

சரி, தொழில் முடிஞ்சுது. இனித்தான் கதை.

நீ நியூயோர்க் போய் நாலு வருசம், அங்க இருக்கிற மியூசியம் எல்லாத்தையும் போட்டோ எடுத்து அனுப்புறனீ, ஆனா எங்கட டுசல்டோர்ஃப் ஓவியர் ஒருத்தற்ற படம் மட்டும் ஒருநாளும் வரேல்லை. பிளிங்கி பலெர்மோ. பேரைக் கேட்டுட்டு இத்தாலிக்காரர் எண்டு நினைக்காதை, நானும் முதல் அப்பிடித்தான் நினைச்சனான். ஆள் சுத்த ஜேர்மன்காரர். 1943 ஆம் ஆண்டு, உலகச் சண்டை நடக்கேக்க, லைப்சிக்கில பிறந்தவர், இரட்டைப்பிள்ளையளில ஒருத்தர். பிறக்கேக்க பேர் பீற்றர் ஷ்வார்ற்ஸ. குழந்தையிலயே ரெண்டு பேரையும் ஹைஸ்டர்காம்ப் எண்ட குடும்பம் எடுத்து வளத்தது, அதோட பேர் பீற்றர் ஹைஸ்டர்காம்ப் ஆச்சுது. 1952 இல அந்தக் குடும்பம் கிழக்கு ஜேர்மனியை விட்டிட்டு மேற்கில மூன்ஸ்டருக்கு வந்திட்டுது. ஒம்பது வயசுப் பெடியன். ஒரே பாசை பேசுற நாட்டுக்குள்ளயே ஒருத்தன் அகதி மாதிரி வந்து இறங்குறது எப்பிடியிருக்கும் எண்டு நான் யோசிச்சுப் பாக்கிறனான்.

நான் 85 இல கிழக்கு பெர்லின்ல பிளேனால இறங்கி எஸ்-பான் எண்ட நகர ரெயின் பிடிச்சு மேற்குக்கு வந்த கதை உனக்கு நூறு தரம் சொல்லியாச்சு, நீ சின்னனில "அப்பா மதிலுக்கு மேலால பாய்ஞ்சனீங்களோ" எண்டு கேப்பாய். பாயேல்லை, டிக்கெற் எடுத்துத்தான் வந்தனாங்கள். அங்க பிறந்தவன் கால் வைக்க ஏலாத ரெயினில நாங்கள் பாஸ்போட்டைக் காட்டிப்போட்டு ஏறி இருந்து வந்தம். அது ஒரு புதினமான காலம்.

பேர் விசயத்திலயும் எனக்கு அந்த மனுசனில ஒரு ஒட்டு இருக்கு. எனக்கு இங்க பதிஞ்ச பேர் தெரியும்தானே. ஃபோமில குடும்பப் பேர் எண்டு கேட்ட இடத்தில ஐயான்ர பேரை எழுத, அண்டையில இருந்து ஃபிர்மாவில எல்லாரும் என்னை என்ர ஐயான்ர பேராலதான் கூப்பிட்டவங்கள். ஒருநாளும் கடல் தாண்டாத மனுசன், அவற்ற பேர் மட்டும் ஏணியில ஏறி இறங்கி இந்த ஊர் முழுக்கச் சுவர் சுவரா வேலை செய்திருக்கு.

பலெர்மோ எண்டது அவற்ற மூண்டாவது பேர். 1962 இல டுசல்டோர்ஃப் கலை அக்கடமியில சேந்து, முதல் புரூனோ கோளர் எண்ட வாத்தியாரிட்டையும் பிறகு 64 இல யோசப் போய்ஸிட்டையும் படிச்சவர். அந்த நேரம் அங்க பகிடியா ஒட்டின பேர்தான் இது. அமெரிக்காவில ஃபிராங்க் பிளிங்கி பலெர்மோ எண்டு ஒரு மாஃபியாக்காரன், குத்துச்சண்டையில ஆர் வெல்லோணும் எண்டு முன்கூட்டியே பேசி முடிக்கிற ஆள், சொனி லிஸ்டனுக்குப் பின்னால நிண்டவன். இவற்ற முகவெட்டு அவனை மாதிரியெண்டு சொல்லிக் கூப்பிடத் தொடங்க, மனுசன் கோவிக்காமல் அதையே நிரந்தரமா வைச்சுக்கொண்டார். தாய்தேப்பன் குடுத்த பேரும் வளத்தவை குடுத்த பேரும் போய், பகிடிக்கு வைச்ச பேர் நிண்டுட்டுது.

இப்ப படத்துக்கு வாறன். நீ சிரிப்பாய், ஏனெண்டால் படம் எண்டு சொல்ல ஒண்டும் இல்லை. ஆள் இல்லை, மரம் இல்லை, வீடு இல்லை. 1966 க்கும் 72 க்கும் இடையில செய்த துணிப்படங்கள் எண்டு இருக்கு. பெரிய கடைக்குப் போய் உடுப்புத் தைக்கிற சாதாரண பருத்தித்துணி ரெண்டு நிறத்தில, சிலதுக்கு மூண்டு நிறத்தில, வாங்கி, ஒண்டுக்கு மேல ஒண்டா மூட்டித் தைச்சு, சட்டத்தில இழுத்து அடிச்சுவிடுறது. அவ்வளவுதான். கனக்க படங்கள் ரெண்டு மீற்றருக்கு ரெண்டு மீற்றர். ஒரு சொட்டுப் பெயின்ற் இல்லை. தைச்சதும் அவர் இல்லை, பக்கத்தில இருந்த தைக்கத் தெரிஞ்ச ஆக்கள். நிறமும் அவர் கலக்கேல்லை, அந்த வருசம் கடையில என்ன நிறத்தில துணி வந்துதோ அதிலதான் தெரிவு.

இதை அம்மாக்குச் சொல்ல அம்மா சொன்னவ, அப்ப நானும் ஓவியர்தான், எத்தினை திரைச்சீலை மூட்டியிருக்கிறன் எண்டு. நான் சொன்னன், சரி, ரெண்டு மீற்றர் அகலத்தில மூட்டின துணியை மரச்சட்டத்தில நாலு பக்கமும் இழுத்து அடிச்சு, அந்தத் தையல் வளையாமல் ஒரு நேர்கோடா நிக்கப்பண்ணு பாப்பம் எண்டு. ரெண்டு துணியும் ஒரே மாதிரி இழுபடாதே. ஒண்டு கொஞ்சம் கூட விட்டுக்குடுத்தாலும் கோடு வில்லு மாதிரி வளைஞ்சிடும். அம்மா அதுக்கு மேல ஒண்டும் கதைக்கேல்லை, தையல் தெரிஞ்ச ஆளுக்குத்தான் அந்தக் கஷ்டம் விளங்கும். கிட்டப்போய்ப் பாத்தால் அந்தத் தையல் கோடுதான் முழுப் படமும். மேல உள்ள நிறம் கீழ உள்ளதில பாரமா இருக்குதோ, இல்லாட்டிக் கடலுக்கு மேல வானம் மாதிரி மிதக்குதோ எண்டு பாத்துக்கொண்டே நிக்கலாம்.

அவர் செய்த எல்லாம் எனக்குப் பிடிச்சதெண்டு சொல்ல வரேல்லை. சில சின்னத் தடிகள், துணி சுத்தின பலகைத்துண்டுகள், உதுகளைப் பாத்துட்டு நான் பேசாமல் அடுத்த றூமுக்குப் போனனான்.

என்னைப் பிடிச்சது சுவர்தான். 1968 இல இருந்து 73 மட்டும் இருவதுக்கு மேற்பட்ட இடங்களில நேர சுவரிலயே வேலை செய்திருக்கிறார். ஒரு சுவரைச் சுத்தி ஒரு பட்டைக் கோடு. ஒரு மாடிப்படியின்ர பக்கவாட்டு வடிவத்தை அப்பிடியே எடுத்து, 1970 இல, டுசல்டோர்ஃபில கொன்ராட் ஃபிஷற்ற கலரியில சுவரில பெயின்ற்றா இறக்கினவர். பிறேமர்ஹாஃபனில கடையின்ர முன்கண்ணாடிச் சட்டத்தின்ர வடிவத்தை உள்சுவரில கீறினவர். அதே 70 இல எடின்பரோ கலைக்கல்லூரியில பெரிய மாடிப்படிக்கு மேல நாலு பக்கச் சுவரிலயும் நீலம், மஞ்சள், வெள்ளை, சிவப்பு எண்டு நாலு பட்டை. வேற ஒண்டும் இல்லை. ஆனா ஒரு கட்டிடத்தில எந்த இடத்தில ஆற்ற கண்ணும் போகாதோ அந்த இடத்தைத் தேடிப் பிடிக்கிற ஆள் எண்டு எனக்கு விளங்கினது, ஏனெண்டால் அந்த இடங்களிலதான் நாங்கள் ஏணியில நிண்டு கழுத்து நோக நோகப் பிரஷ் போடுறனாங்கள்.

இப்ப அந்தச் சுவர்களைப் போய்ப் பாக்க ஏலாது. ஏறக்குறைய எல்லாத்துக்கும் கண்காட்சி முடிய மேல வெள்ளை அடிச்சுப்போட்டாங்கள். மிஞ்சினது போட்டோவும் பென்சிலால கீறின பிளானும்தான். எடின்பரோவில மட்டும் 2005 இல திரும்பக் கீறிப் பாத்தவை.

இது எனக்குத் தெரிய வந்தது 2007 கடைசியில. டுசல்டோர்ஃப் குன்ஸ்ட்ஹால எண்ட கலை மண்டபத்தில பலெர்மோவுக்குப் பெரிய கண்காட்சி. என்னோட வேலை செய்த வயசான டொச்காரர் ஒருத்தர், பென்சன் எடுக்க ரெண்டு வருசம் இருந்த மனுசன், ஒரு ஞாயிற்றுக்கிழமை "வா, எங்கட தொழில்காரன் ஒருத்தனைக் காட்டுறன்" எண்டு கூட்டிக்கொண்டு போனவர். எனக்குப் போக விருப்பமே இல்லை, ஞாயிறு ஒரு நாள்தானே படுக்கலாம். துணிப்படத்துக்கு முன்னால நிண்டு ரெண்டு பேரும் பகிடி விட்டுக்கொண்டுதான் நிண்டனாங்கள். பிறகு இந்தச் சுவர்ப் போட்டோக்கள் இருந்த பக்கம் வந்தம். கறுப்பு வெள்ளைப் போட்டோ, வெறும் றூம், ஒரு கோடு. மனுசன் ஒவ்வொண்டா வாசிச்சுக்கொண்டு வந்திட்டு என்ர தோளில தட்டிச் சொன்னார், இதுக்கெல்லாம் வெள்ளை அடிச்சவன் ஆரெண்டு எங்கயும் எழுதேல்லைப் பாத்தியோ எண்டு. அவர் சும்மா பகிடிக்குச் சொன்னவர். எனக்கு அது பகிடியாப் படேல்லை. அந்த இருவது சொச்சச் சுவரிலயும் கடைசியா ரோலர் பிடிச்சது ஆரோ ஒரு கூலிக்காரன், காலமை ஏழு மணிக்கு வந்து, மைஸ்டர் காட்டின சுவரை மூடிப்போட்டு, நாலு மணிக்கு வீட்டை போயிருப்பான். அவனுக்குத் தெரிஞ்சிருக்காது. தெரிஞ்சிருந்தாலும் அடிச்சிருப்பான்.

அண்டைக்கு ரெயினில வரேக்க முழுக்க உன்ர சுவர்தான் ஞாபகம்.

உனக்கு மறந்திருக்காது, எண்டாலும் நான் ஒருக்காச் சொல்லோணும். 2006, உலகக் கிண்ணம் நடந்த கோடை, தெரு முழுக்கக் கறுப்பு சிவப்பு மஞ்சள் கொடி. நானும் அம்மாவும் ஹம் நகரத்து அம்மன் கோயில் தேருக்குப் போயிட்டு இரவு வந்து பாத்தால் உன்ர றூம் சுவரில கட்டிலுக்கு மேல இருந்து யன்னல் மட்டும் ஒரு பெரிய நீல முக்கோணம். பதினைஞ்சு வயசு உனக்கு. மற்றவையின்ர பிள்ளையளைப் பாத்துச் சேத்த காசில நீயே பெயின்ற் வாங்கி, நீயே டேப் ஒட்டி, நிலத்துக்குப் பேப்பர் விரிச்சு, ஒரு துளி சிந்தாமல் அடிச்சிருந்தாய். இப்ப சொல்லுறன், அது நல்ல வேலை. டேப்பை ஈரத்திலயே உரிச்சிருந்தாய், விளிம்பு கத்தி மாதிரி நிண்டது. அதை நான் உனக்கு ஒருநாளும் சொல்லேல்லை. செவ்வாய்க்கிழமை உனக்குப் பள்ளிக்கூடம், எனக்கு மழை எண்டு வேலை நிண்டுட்டுது, கெல்லரில, நிலக்கீழ் அறையில, கிடந்த மிச்ச வெள்ளையைக் கொண்டுவந்து ஒரு மணித்தியாலத்தில மூடிப்போட்டன்.

வாடகை வீடு, கட்டிடத்தைப் பாக்கிற ஹவுஸ்மைஸ்டர் கண்டால் கரைச்சல் எண்டு அம்மாக்குக் காரணம் சொன்னனான். பொய். எங்கட ஹவுஸ்மைஸ்டர் தன்ர வீட்டுச் சுவரையே பாக்கிறேல்லை. உண்மை என்னெண்டால், நான் நாள் முழுக்க ஆரோ சொல்லுற நிறத்தை ஆற்றையோ சுவரில அடிச்சுப்போட்டு வாறன், ஒரு நாளும் என்னை என்ன நிறம் எண்டு ஒருத்தரும் கேட்டதில்லை, வீட்டை வந்தால் பதினைஞ்சு வயசுப் பிள்ளை கேக்காமல் கொள்ளாமல் தனக்கு விருப்பமான நிறத்தைச் சுவரில நிப்பாட்டியிருக்கு. அது எனக்குப் பொறுக்கேல்லை. பொறாமை எண்டுதான் சொல்லோணும், பெத்த பிள்ளையில பொறாமைப்பட்டால் அதுக்கு வேற என்ன பேர். நீ வந்து பாத்திட்டுக் கத்துவாய் எண்டு நினைச்சனான், நீ டொச்சில "டாங்க", நன்றி, எண்டு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுக் கதவைச் சாத்தினனீ. ரெண்டு நாளால அலுமாரியை இழுத்து அந்தச் சுவரை மறைச்சு விட்டாய்.

நான் மேல சொன்னன் எல்லோ, ஒரு பிழை விட்டனான் எண்டு. அவசரத்தில ஓரத்தைத் தேய்க்கேல்லை. நீ வீட்டை விட்டுப் போனாப்பிறகு அலுமாரியை எடுத்தம், அம்மா இப்ப அந்த றூமில உடுப்புக் காயப்போடுறவ. பங்குனி கடைசியில இருந்து ஒரு ரெண்டு மாசம், பின்னேரம் ஆறு ஆறரைக்கு, மேற்கு யன்னலால வெயில் சுவரை உரசிக்கொண்டு போகும். அப்ப வெள்ளைக்குள்ள இருந்து அந்த மூண்டு கோடும் வரும். பத்து நிமிசம்தான். பிறகு வெயில் திரும்ப, ஒண்டும் இல்லாத வெள்ளைச் சுவர். நான் அதுக்குப் பிறகு அந்த றூமுக்கு ரெண்டு தரம் வெள்ளை அடிச்சிட்டன், ஓரத்தை மட்டும் தேய்க்கேல்லை. மைஸ்டர் கண்டால் என்னை உயிரோட விடமாட்டார்.

போய்ஸ் தன்ர மாணவன்ர வேலையைப் பற்றிக் கதைக்கேக்க அது ஒரு மூச்சு மாதிரி எண்டு சொல்லியிருக்கிறாராம். எனக்கு உந்தப் பெரிய ஆக்களின்ர கதை வழக்கமா விளங்காது, இது விளங்கினது.

சரி, உன்ர ஊருக்கு வாறன். பலெர்மோ முதல் 1970 இல கெர்ஹார்ட் றிஷ்டர் எண்ட ஓவியரோட நியூயோர்க் பாக்கப் போனவர், ரெண்டு பேரும் நல்ல சிநேகிதம். 71 இல மியூனிக்கில ஒரு கலரியில ரெண்டு பேரும் சேந்து ஒரு றூம் செய்தவை, பலெர்மோ சுவரை மஞ்சளா அடிக்க, றிஷ்டர் தங்கட ரெண்டு பேற்ற தலையையும் சிலையாச் செய்து எதிரெதிரா வைச்சவர். அந்த வேலை இப்பவும் மியூனிக் லென்பாக்ஹவுஸ் மியூசியத்தில இருக்கு. பிறகு 1973 மார்கழியில பலெர்மோ நியூயோர்க்குக்கே குடிபோயிட்டார், முப்பது வயசு, நீ போன வயசுதான். அங்க போனதோட சுவரும் விட்டார் துணியும் விட்டார். மெல்லிய அலுமினியத் தகட்டில அக்ரிலிக். அலுமினியம் வழுக்கிற சாமான், அதில பெயின்ற் நிண்டுபிடிக்கிறதுக்கு வேலை தெரிஞ்சிருக்கோணும். 74 இல அக்கடமிக் கூட்டாளி இமி க்னோபல் வர, ரெண்டு பேருமாக் காரில அமெரிக்கா சுத்தினவை, ஹூஸ்டன்ல மார்க் றொத்கோவின்ர இருட்டுப் படங்கள் இருக்கிற தேவாலயம், நெவாடா வனாந்தரத்தில வோல்ட்டர் டி மரியா நிலத்தில வெட்டின நெடுங்கோடு, உதுகளைப் பாக்கவெண்டே அவ்வளவு தூரம் ஓடியிருக்கினம். ஒரு கோட்டைப் பாக்க வனாந்தரம் போன ஆக்கள்.

76 இல திரும்ப டுசல்டோர்ஃப் வந்து, றிஷ்டர் முந்திப் பாவிச்ச ஸ்ரூடியோவை எடுத்து, அங்க இருந்துதான் கடைசிப் பெரிய வேலையைச் செய்தவர். 15 பகுதி, எல்லாமாக் கிட்டத்தட்ட 40 அலுமினியத் தகடு. மூண்டே மூண்டு நிறம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு. ஒவ்வொரு பகுதியிலயும் அதே மூண்டும் இடம் மாறி இடம் மாறி வரும், ஒரே மூண்டு சாமானை வைச்சு ஒவ்வொரு நாளும் வேற கறி வைக்கிற மாதிரி. தகட்டின்ர பின்பக்கத்தில "நியூயோர்க் நகரத்து மக்களுக்கு" எண்டு எழுதியிருந்தவர். அதுவே தலைப்பாப்போச்சு. இதில ஒரு விசயத்தைப் பார். அந்த மூண்டும் ஜேர்மன் கொடியின்ர நிறம், மேற்குக்கும் அதுதான் கிழக்குக்கும் அதுதான், கிழக்கில நடுவில ஒரு சுத்தியல் சின்னம் மட்டும் கூட. ரெண்டு பக்கமும் வளந்த ஒருத்தர், நியூயோர்க்கில இருந்து திரும்பி வந்தாப்பிறகு, வீட்டில இருந்துகொண்டு, விட்டிட்டு வந்த ஊருக்கு அந்த நிறத்தில எழுதின மாதிரி இருக்கு. கொடியைத்தான் நினைச்சாரோ எண்டு தன்ர வாயால ஒரு விளக்கமும் சொல்லாமல் போயிட்டார். ஆனா 2006 கோடையில தெரு முழுக்க அந்த நிறம் தொங்கேக்க நீ போய் நீலம் வாங்கினனீ எண்டதையும் நான் யோசிச்சனான்.

போனார் எண்டு சொன்னன். 1977 பெப்ரவரி, அந்த வேலை நியூயோர்க்கில ஒரு கண்ணுக்கும் படமுதல், மாலைதீவுக்கு விடுமுறைக்குப் போன இடத்தில திடீரெண்டு செத்துப்போனார். 33 வயசு. அந்தத் தீவின்ர பேர் குரும்பா. வாசிக்கேக்க எனக்குத் திக்கெண்டுது. மாலைதீவுப் பாசையில குரும்பா எண்டால் இளம் தேங்காய், சிங்களத்திலயும் அதுதான், எங்களுக்குக் குரும்பை. சின்னனில நாங்கள் விழுந்த குரும்பையில ஈர்க்குக் குத்தித் தேர் செய்து உருட்டின ஆக்கள். முத்தாமல் விழுகிறதைத்தானே குரும்பை எண்டுறது. அவருக்கு அந்தச் சொல்லு விளங்கியிருக்க ஞாயமில்லை.

அந்த 40 தகடும் டியா எண்ட கலை அமைப்பின்ர கையில இருக்கு. அவையின்ர பெரிய இடம் பீக்கனில, உனக்குக் கிட்ட, கிராண்ட் சென்ட்ரலில இருந்து ஹட்சன் ஆத்தோட போற ரெயின், ஒண்டரை மணித்தியாலம். முந்தி பிஸ்கற் பெட்டி அச்சடிச்ச தொழிற்சாலை அது. கூரையால வெளிச்சம் வாற கட்டிடம், லைட் போட்டு ஏமாத்த ஏலாது. போகமுதல் இப்ப தொங்குதோ எண்டு ஒருக்காப் பாத்துக்கொள். க்னோபல் தன்ர கூட்டாளி செத்த 77 இலயே "பிளிங்கிக்கு 24 நிறம்" எண்டு செய்த வேலையும் அவையிட்டைத்தான் இருக்கு, அதையும் தேடு. போனால் தூர நிண்டு போட்டோ எடுத்து அனுப்பாதை, அது எனக்குப் புத்தகத்தில இருக்கு. கிட்டப்போ, காவலாளி ஏச முதல் எவ்வளவு கிட்டப் போகலாமோ அவ்வளவு. சிவப்பும் கறுப்பும் முட்டுற இடத்தில டேப் ஒட்டினதோ கையால இழுத்ததோ எண்டு பார். பிரஷ் தடம் எந்தப் பக்கம் போகுதெண்டு பார். அமெரிக்காக்காரர் அந்தக் காலத்தில இப்பிடிச் சாமான் செய்யேக்க ஃபக்டரியில குடுத்து மினுக்கி எடுத்தவையாம், இவற்றதில கை தெரியுமாம். அதைத்தான் எனக்கு உன்ர வாயால கேக்கோணும்.

இனி, கவருக்குள்ள இருக்கிற சாமான்.

1969 இல பலெர்மோ ஒரு பெட்டி செய்தவர். உள்ள ஒரு முக்கோண அச்சு மட்டை, ஒரு பிரஷ், ஒரு நீலப் பெயின்ற் ரியூப், அவர் கையால அடிச்ச நீல முக்கோணம் ஒரு தாளில. கூட ஒரு குறிப்பு, அச்சை வைச்சு ஒரு கதவுக்கு மேல நீல முக்கோணம் ஒண்டு அடி, பிறகு மூலத்தாளை ஆருக்காவது குடுத்துவிடு எண்டு. 50 பெட்டிதான். கோடிக்கணக்கில விக்கிற ஆற்றையும் தாளை வாங்கிவைச்சிட்டு, இனி அதைக் குடுத்துவிடு எண்டு சொன்னால் எவன் குடுப்பான். எனக்கு அந்த மனுசனில பிடிச்ச குறும்பு அது.

நான் கெல்லரில உன்ர நீல வாளியைத் தேடி எடுத்தன். ஓம், அண்டைக்கு எறியேல்லை, ஏன் எறியேல்லை எண்டு கேக்காதை. திறந்தால் உள்ள கல்லு மாதிரி இறுகி, ஒரு நாத்தம், அம்மா யன்னலெல்லாம் திறந்தவ. ஆனா மூடியின்ர உள்பக்கத்தில ஒரு வட்டம் வடிவாக் காய்ஞ்சு நிண்டது, நிறம் மாறேல்லை. அதைக் கொண்டுபோய் கடையில மெஷினில வைச்சு அதே நீலத்தைக் கலக்கி வாங்கினன், பெடியன் எத்தினை லீற்றர் எண்டு கேட்டான், நான் ஒரு கிளாஸ் எண்டு சொல்லச் சிரிச்சான். பழப்பெட்டி மட்டையில அச்சு வெட்டி, உன்ர றூம் கதவுக்கு மேல, சட்டத்துக்கு நடுவில அளந்து, ஞாயிற்றுக்கிழமை அடிச்சிட்டன். கை கொஞ்சம் நடுங்குது இப்ப, இடப்பக்க மூலையில ஒரு மயிரிழை வெளிய வந்திட்டுது. அம்மா கீழ நிண்டு ஏணியைப் பிடிச்சுக்கொண்டு, "பென்சன் எடுத்தும் காணாதெண்டு இனி கதவுக்கு மேலயும் தொடங்கிட்டியளோ" எண்டு ஏசினவ, இறங்கினாப்பிறகு கனநேரம் பாத்துக்கொண்டு நிண்டவ.

தாளில அடிச்சது உனக்கு. மடியக்கூடாதெண்டு அந்த மட்டையை ரெண்டாப் பிரிச்சு ஒரு பக்கத்துக்கு வைச்சிருக்கிறன், அச்சு அதிலதான் இருக்கு, குப்பையெண்டு எறிஞ்சுபோடாதை. புது வீட்டில கதவுச் சட்டத்துக்கும் சீலிங்குக்கும் இடையில எத்தினை சென்ரிமீற்றர் எண்டு அளந்து அனுப்பு, காணாட்டிச் சின்னனா வேற வெட்டி அனுப்புறன். நீல நம்பரையும் பின்னால எழுதியிருக்கு, ஆனா அங்க வேற கொம்பனிப் பெயின்ற்தானே, தாளைக் கொண்டுபோய்க் காட்டு.

பழைய வீட்டுப் பச்சைச் சுவருக்கு மேல சொன்ன மாதிரி எல்லாத்தையும் செய், துடை, பிரைமர் அடி, ஒரு இரவு விடு. ஓரத்தைத் தேய்க்கிறதும் விடுறதும் மட்டும் உன்ர விருப்பம். உன்ர வீட்டுக்காரன் ரோர்ச்சோட வரமாட்டான்.

அப்பா